குவாஹா? கிரனாடாவில் பனிக்கால ஸ்பானிஷ்

திங்கள், கிரனாடா

ஸ்பெயினில் ஜனவரி மாதத்து வானிலைச் செய்தியில் வெப்பநிலையைவிட எல்லோரும் கவனிக்கிற எண் ஒன்று உண்டு: கோட்டா தெ நியேவே. எந்த உயரம் வரை மழை, எந்த உயரத்துக்கு மேல் பனி என்று பிரிக்கிற கோடு. நம் ஊர் ஒதுக்கீட்டுக் கோட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கு 1,400 மீட்டர், வியாழக்கிழமை 700 வரை இறங்கலாம் என்றார்கள். கிரனாடா நகரமே ஏறத்தாழ 700 மீட்டரில்தான் இருக்கிறது. நான் தங்கியிருக்கும் வீட்டின் பெரியம்மா பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு "ஊய்" என்றார்.

சென்னையில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனபோது பனிக்காலம் பற்றி ஒரு பாடம் இருந்தது. நியேவே என்றால் பனி, ஃப்ரீயோ என்றால் குளிர், அப்புறம் கையுறை, கழுத்துத்துணி, பனிப்பொம்மை, சறுக்குப்பலகை. எல்லாம் சுற்றுலாப் பயணிக்கு வேண்டிய சொற்கள். பனியை வருடாவருடம் பார்க்கிற ஊரில் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளத்தான் இங்கே வந்தேன்.

ஸ்பெயினின் தென்பகுதியான ஆந்தலூசியா என்றாலே வெயில் என்று நினைப்போம். ஆனால் கிரனாடாவின் முதுகுக்குப் பின்னால் சியரா நெவாடா நிற்கிறது. அதன் உச்சி முலாசென், 3,479 மீட்டர். ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமானது. அங்கிருந்து மத்தியதரைக் கடல் 40 கிலோமீட்டருக்குள்.

குளிர்கால ஸ்பானிஷின் முதல் பாடம் மேசையில் தொடங்கியது. மேசா கமியா என்பது வட்டமான மேசை. தரை வரை தொங்கும் கனத்த துணியால் மூடி, அடியில் பிரசேரோ என்ற கணப்பை வைத்திருப்பார்கள். எல்லோரும் துணியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டுக்கொண்டு இடுப்பு வரை போர்த்திக்கொள்ள வேண்டும். அந்தத் துணிக்குப் பெயர் எனாகுவாஸ், அதாவது உள்பாவாடை! முன்பு பிரசேரோவில் பீக்கோன் என்ற சுள்ளிக்கரியைப் போட்டு, பதீலா என்ற சின்னக் கரண்டியால் கிளறுவார்களாம். இப்போது மின்சாரம். பதீலா மட்டும் சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. (மேசா என்ற சொல்லைக் கேட்டதும் பழகிய ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. நம் மேசை போர்த்துகீசியர்கள் கொடுத்துவிட்டுப் போனது, அவர்களுக்கும் இதே சொல்தான்.)

கால் வெந்தது, முதுகு விறைத்தது. தெற்கில் வீடுகளை வெயிலுக்காகத்தான் கட்டியிருக்கிறார்கள். "ஆஸே உன் ஃப்ரீயோ கே பேலா" என்றார் பெரியம்மா. தோலை உரிக்கிற குளிர்.

செவ்வாய், கிரனாடா

காலையில் பூங்காப் புல்லெல்லாம் வெள்ளை. நான் நியேவே என்று ஆரம்பிப்பதற்குள் நாயோடு நடந்துபோன ஒருவர் "எஸ்கார்ச்சா" என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழில் மார்கழிப் பனியும் பனிதான், இமயத்துப் பனியும் பனிதான். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு. புல்லில் துளியாக நின்றால் ரொசீயோ. அது பெண்களுக்கு வைக்கும் பெயரும்கூட. அதே ஈரம் வெள்ளைப் பொடியாக உறைந்தால் எஸ்கார்ச்சா. அந்த எஸ்கார்ச்சாவைக் கொண்டுவந்த இரவுக்கு எலாடா. கூரை விளிம்பில் ஈட்டிபோலத் தொங்குவது கராம்பனோ.

இவற்றில் எல்லோரும் பயப்படுவது எலாடாவுக்கு. சந்தையில் பழம் விற்றவர் சொன்னது: பனி விழுந்தால் நிலத்துக்குப் போர்வை, அடியில் இருக்கும் பயிர் தப்பிக்கும். மேகமே இல்லாத, காற்றே இல்லாத இரவில் இறங்கும் எலாடாதான் பூவைக் கருக்கும். ஜனவரி கடைசியிலேயே அவசரப்பட்டுப் பூத்துவிடும் வாதுமை மரங்களைப் பற்றி, தறுதலைப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற தொனியில் பேசினார்.

அவரிடம் வாங்கியது சிரிமோயா, நம் சீத்தாப்பழத்தின் நெருங்கிய உறவு. இதே மாகாணத்தின் கடலோரத்தில் விளைகிறது, குளிர்காலத்தில்தான் பருவம். அங்கே 2006 வரை கரும்பாலை ஓடியது. பனிமலையைப் பார்த்துக்கொண்டே சீத்தாப்பழம் தின்றேன். விதையும் அதே கறுப்பு, தின்ற பிறகு கையெல்லாம் அதே பிசுபிசுப்பு.

மருந்துக்கடைச் சன்னலில் இன்னொரு சொல் கிடைத்தது: சபாஞ்ஞோனெஸ். குளிரில் விரல் வீங்கிச் சிவந்து அரிப்பது. அதற்கான களிம்பு விளம்பரம். வகுப்பில் சொல்லித்தராத சொல், ஆனால் வீட்டில் சூடேற்றும் வசதி சரியாக இல்லாத ஊரில் இது கட்டாயம் வேண்டும்.

மதியம் நகரின் விளிம்பிலிருந்து மலையை நோக்கி ஏறும் காமினோ தெ லோஸ் நெவேரோஸ் என்ற பாதையில் கொஞ்ச தூரம் நடந்தேன். நெவேரோ என்றால் பனி வியாபாரி. ஐஸ் தொழிற்சாலை வருவதற்கு முன்னால், சில நூற்றாண்டுகளாக, கோடைக்காலத்தில் கிரனாடாவுக்குக் குளிர்ச்சி இந்த வழியாகத்தான் வந்தது. ஆட்கள் கோவேறு கழுதைகளோடு பெலேட்டா சிகரத்துப் பக்கம் ஏறுவார்கள். நிழலான பள்ளங்களில் கோடையிலும் கரையாமல் கிடக்கும் பனியை வெட்டி, எஸ்பார்த்தோ புல்லில் முடைந்த கூடைகளில் அமுக்கி ஏற்றிக்கொண்டு, வெயில் வருமுன் ஊர் சேர வேண்டும் என்பதற்காக ராத்திரியிலேயே இறங்குவார்கள். சர்பத்துக்கும் போகும், காய்ச்சல்காரர்களுக்காக மருத்துவமனைக்கும் போகும். பனி என்பது எடை போட்டு விற்கிற சரக்காக இருந்திருக்கிறது. அந்த வியாபாரிக்குத்தான் நெவேரோ என்று பெயர் என்று பார்த்தால், கோடையிலும் மலையில் மிஞ்சிக் கிடக்கும் பனித்திட்டுக்கும் அதே பெயர்.

புதன், பிரதொயானோ

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் 2,100 மீட்டர். பிரதொயானோ சறுக்குவிளையாட்டுக்காகவே எழுந்த ஊர். நிலையம் 1964இல் தொடங்கியது. நான் சறுக்கப் போவதில்லை. வாடகைக்கு உபகரணம் கொடுக்கிற பையனிடம் இதைச் சொன்னதும் அவன் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். கிரனாடாக்காரர்களின் இந்தச் சிடுசிடுப்புக்கு மலஃபொயா என்று பெயர், அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

எனக்கு வேண்டியது அறிவிப்புப் பலகையில் இருந்தது. பார்ட்டே தெ நியேவே என்பது அன்றாடப் பனி அறிக்கை. எத்தனை சென்டிமீட்டர் கிடக்கிறது என்பதோடு அதன் தன்மையையும் சொல்கிறார்கள். போல்வோ என்றால் மாவுபோலப் பறக்கும் புதுப்பனி. தூரா, இறுகியது. ஊமெடா, ஈரமானது. பிரிமாவேரா, அதாவது வசந்தம்: காலையில் இறுகி, பகலில் சர்க்கரைபோல் இளகும் பனி. இன்றைக்குத் தூரா என்று போட்டிருந்தது. கீழே விழுந்து எழுந்தவர்களின் முகத்திலும் அதையேதான் பார்த்தேன்.

பனி வராமல் போவதும் இங்கே பழைய கதை. 1995இல் இங்கே நடக்க வேண்டிய உலக மலைச்சறுக்குப் போட்டி பனி இல்லாததால் ஒரு வருடம் தள்ளி 1996இல் நடந்தது. சரிவு நெடுக நிற்கும் பீரங்கிகள் அந்த பயத்துக்கான மருந்து. கன்யோன் என்கிறார்கள். தண்ணீரைப் பொடித்துளியாகப் பீய்ச்சிப் பனியாக்கும். ஆனால் அதற்கும் குளிர் வேண்டும், குளிரை எந்த இயந்திரத்தாலும் சுட்டுத் தர முடியாது. பெலேட்டாவின் அடியில் இருக்கும் பள்ளத்தில் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் தென்கோடிப் பனியாறு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மறைந்துவிட்டது.

தொங்கு வண்டியில் அடுத்த தளத்துக்குப் போனேன். அதன் பெயர் போரெகீலெஸ். போரெகோ என்றால் ஆட்டுக்குட்டி. பனி கரைந்து ஊறும் தண்ணீரில் கோடையில் பச்சைப் புல்வெளி உண்டாகும், ஆடுகள் அங்கே மேயும், அந்தப் புல்வெளிக்குத்தான் போரெகீல் என்று பெயர். இப்போது அதன்மேல் ஆயிரக்கணக்கானோர் சறுக்குகிறார்கள்.

காபி கொடுத்தவர் 2022 மார்ச் படம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். மலை முழுக்கச் செம்மஞ்சள். கலீமா என்பது சஹாராவிலிருந்து காற்றில் வரும் தூசி. அது மழையோடு சேர்ந்தால் யூவியா தெ பார்ரோ, சேற்றுமழை. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். செம்பனி வாங்கி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் கரையும். "அந்த வருடம் நாங்கள் செவ்வாய்க் கிரகத்தில் காபி விற்றோம்" என்றார். அவருக்கு மலஃபொயா இல்லை. வெளியூராக இருக்கும்.

வியாழன், கிரனாடா

காலையிலிருந்து அகுவாநியேவே. மழையும் பனியும் கலந்து கொட்டுவது. குடை பிடித்தாலும் நனைகிறோம், பிடிக்காவிட்டாலும் நனைகிறோம்.

பதினொரு மணிக்குத் தெருவில் யாரோ "தா நெவாண்டோ!" என்று கத்தினார்கள். எஸ்தா நெவாண்டோ என்பதில் முன்பாதியை ஆந்தலூசியர்கள் தின்றுவிடுவார்கள். பனி பெய்கிறது! எதிர்வீட்டு மாடியில், கடை வாசலில், பள்ளிச் சன்னலில் எல்லாம் தலைகள். ஒவ்வொரு கோபோவும், அதாவது ஒவ்வொரு பனித்துகளும், நிதானமாக இறங்கியது. பெரியம்மா சன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கீழே நின்ற பழக்கடைக்காரரிடம் ஒரே சொல்லில் கேட்டார்: "குவாஹா?" அவர் காலால் நடைபாதையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நோ குவாஹா."

இந்த வாரத்தில் கிடைத்த சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குவாஹார் என்றால் பால் உறைந்து தயிராவது. ஆட்டுப்பாலில் உறைய வைத்துத் தேன் ஊற்றித் தருகிற பண்டத்துக்கு குவாஹாடா என்றே பெயர். விழுந்த பனி கரையாமல் தரையில் தங்கினால் அதற்கும் குவாஹார்தான். பனி பெய்கிறதா என்பதல்ல இங்கே கேள்வி. பெய்வது உறையுமா? தமிழில் தயிரும் உறைகிறது, பனியும் உறைகிறது என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அதில் அவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. வேறெப்படிச் சொல்வார்கள் என்பதுபோல் பார்த்தார்.

மதியம் வரை பெய்தது. கார் கூரைகளில் மட்டும் உறைந்தது. பிள்ளைகள் அதைச் சுரண்டிச் சுரண்டி எறிந்து விளையாடினார்கள்.

சாயங்காலம் எனாகுவாஸுக்குள் காலை விட்டுக்கொண்டு வானொலி கேட்டோம். "பனியால் மூடப்பட்ட புவேர்ட்டோக்கள்" என்று ஒரு பட்டியல் வந்தது. புவேர்ட்டோவுக்குத் துறைமுகம் என்றும் பொருள், மலைக்கணவாய் என்றும் பொருள். கடலே இல்லாத மாகாணங்களின் பெயர் வந்தால் கணவாய் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். சாலைகளுக்கு நான்கு நிறம்: பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. மஞ்சள் என்றால் லாரி போகக்கூடாது. சிவப்பு என்றால் சக்கரத்தில் கடேனாஸ், அதாவது சங்கிலி, அல்லது பனிக்கால டயர் இல்லாமல் போகக்கூடாது. கறுப்பு என்றால் யாரும் போகக்கூடாது.

பேச்சு பிலோமினாவுக்குத் திரும்பியது. 2021 ஜனவரியில் மத்ரித்தை அரை மீட்டர் பனியில் புதைத்த புயல். விமான நிலையத்தை மூடினார்கள், நகரின் நடுத்தெருவான கிரான் வீயாவில் ஜனங்கள் சறுக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பிலோமினா உண்டு, எல்லோரும் சாதுவானவர்கள். புயலுக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பதை முடிந்தவரை ஸ்பானிஷில் சொன்னேன். பெரியம்மா யோசித்துவிட்டு, அது எலாடாவைப் பற்றிய பழமொழி, நியேவேயைப் பற்றியது அல்ல என்று தீர்ப்பு சொன்னார். நியேவேக்கு அவருடையது: "ஆன்யோ தெ நியேவெஸ், ஆன்யோ தெ பியேனெஸ்." பனி கொட்டிய வருடம் செல்வம் கொழிக்கும் வருடம்.

வெள்ளி, கபிலேய்ரா

அந்தப் பழமொழிக்கு விளக்கம் இன்று கிடைத்தது. மலையின் தெற்குச் சரிவுக்கு அல்புஹார்ரா என்று பெயர். பஸ் வழியில் ஒரு கிடாநியேவேஸுக்குப் பின்னால் ஊர்ந்தது. கிடா என்றால் நீக்கு, நியேவேஸ் என்றால் பனி. பனியைத் தள்ளி உப்பைத் தூவிக்கொண்டே போகும் வண்டி. சாலையோரம் "பிளாகாஸ் தெ யேலோ" என்று எச்சரிக்கை: கண்ணுக்குத் தெரியாத ஐஸ் தகடுகள்.

கபிலேய்ரா 1,436 மீட்டரில் இருக்கிறது. இங்கே நேற்றுப் பனி உறைந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. வெள்ளைச் சுவர், தட்டையான கூரை, அதன்மேல் வெள்ளை. கூரைக்கு லௌனா என்ற சாம்பல்நிறக் களிமண்ணைப் பரப்புகிறார்கள், தண்ணீர் இறங்காது. ஆனால் தட்டைக் கூரையில் பனி தானாகச் சரியாது. ஆளுக்கொரு மண்வாரியோடு மேலே நின்று தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கீழே நடக்கிறவர்கள் தலைக்கு அவர்களே பொறுப்பு.

ஊர்ச் சத்திரத்தில் ஒரு முதியவரை அறிமுகப்படுத்தினார்கள். முப்பது வருடம் அசேகியேரோவாக இருந்தவர், நம் ஊரில் நீர்க்கட்டி என்போமே, அந்த வேலை. அசேகியா என்பது வாய்க்கால், அரபியிலிருந்து வந்த சொல். ஆனால் அவர் சொன்ன வாய்க்கால் வயலுக்குப் போவதில்லை. அசேகியா தெ கரேயோ என்று பெயர். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில், ஆயிரம் வருடத்துக்கு முன்பு வரைகூடப் போகும் பழக்கம்.

வேலை இப்படி நடக்கிறது. வசந்தத்தில் தெஸ்யேலோ, பனியுருகல், தொடங்கும். ஆற்றில் தண்ணீர் ஒரேயடியாக ஓடிக் கடலுக்குப் போய்விடும். அதை உயரத்திலேயே மறித்து, சரிவின் குறுக்கே கிலோமீட்டர் கணக்கில் வாய்க்காலில் கொண்டுபோய், தண்ணீரை உறிஞ்சும் பாறையும் மண்ணும் இருக்கிற இடமாகப் பார்த்துத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் மலைக்குள் இறங்கி மெதுவாக நகர்ந்து, மாதக்கணக்கில் கழித்து, கோடையில் கீழ்க்கிராமத்து ஊற்றுகளில் வெளியே வரும். அணை கிடையாது, சிமென்ட் கிடையாது. சிமென்ட் போட்டால்தான் கெட்டது, வழியில் கசிய வேண்டும். செம்ப்ரார் அகுவா என்றார், தண்ணீரை விதைப்பது. எந்த இடத்தில் விதைத்தால் எந்த ஊற்றில் முளைக்கும் என்று மனப்பாடம். இளைஞர்கள் நகரத்துக்குப் போனதில் பல வாய்க்கால்கள் தூர்ந்தன. கிரனாடா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2014 முதல் தன்னார்வலர்களைக் கூட்டி ஒவ்வொன்றாகத் தூர்வாரி வருகிறார்கள்.

பனியில் அவருக்கு என்ன வகை பிடிக்கும் என்று கேட்டேன், பார்ட்டே தெ நியேவே ஞாபகத்தில். கையால் என்னைத் தள்ளிவிடுவதுபோல் சைகை செய்தார். அவருக்கு இரண்டே வகை: மார்ச்சுக்குள் தீர்ந்துவிடுவது, ஜூன் வரை கிடப்பது. காற்று கொண்டுபோய்ப் பள்ளங்களில் குவித்து வைக்கும் பனிக்கு வென்டிஸ்கேரோ. நெவேரோக்கள் வெட்டி விற்றதும் அதுதான், இவருடைய வாய்க்காலில் கடைசி வரை ஓடுவதும் அதுதான். வென்டிஸ்கா, பனிக்காற்று, அடிக்கும்போது ஊரார் கதவைச் சாத்திக்கொள்ள, இவர் மட்டும் காற்று எந்தப் பக்கம் வாரிக்கொண்டு போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். இந்த வருடம் எப்படி என்றேன். "பொகீத்தா." கொஞ்சம்தான்.

சனி, திரேபேலெஸ்

1,476 மீட்டர். ஊர் முழுக்கப் பன்றித்தொடை வாசனை. நான் சைவம், ஆனால் வார்த்தை தேடி வந்தவள் உலர்த்துமிடத்துக்குள் போகாமல் திரும்ப முடியுமா? செகடேரோ என்கிறார்கள். உத்தரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. உப்பும் மலைக்காற்றும் மட்டும், குறைந்தது 17 மாதம். 1862இல் இரண்டாம் இசபெல் அரசி இந்த ஊர் ஹமோனுக்கு, அதாவது உலர்த்திய பன்றித்தொடைக்கு, முத்திரை கொடுத்திருக்கிறார். எதிரெதிரே சன்னல்கள், எந்த நாளில் எதைத் திறப்பது, எதைச் சாத்துவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. பனி உருகும் ஈரமான நாள் ஆகாது. செகடேரோக்காரருக்கு வேண்டியது ஃப்ரீயோ செகோ, வறண்ட குளிர்.

மதியச் சாப்பாடு பாப்பாஸ் ஆ லோ போப்ரே, ஏழைகள் பாணி உருளைக்கிழங்கு. குடைமிளகாயும் வெங்காயமும் ஆலிவ் எண்ணெயில் குழைந்து கிடக்கும். மேலே ஒரு முட்டை போடட்டுமா என்றார்கள், வேண்டாம் என்றேன், இரண்டு போடட்டுமா என்றார்கள்.

சுவரில் ஒரு மாதா படம் இருந்தது. வீர்ஹென் தெ லாஸ் நியேவெஸ். ஒவ்வொரு ஆகஸ்ட் 5ஆம் தேதியும் திரேபேலெஸ் மக்கள் இரவில் கிளம்பி இந்தச் சொரூபத்தை முலாசென் உச்சிக்குக் கொண்டுபோய் அங்கே பூசை வைக்கிறார்கள். நியேவெஸ் என்று பெயர் வைத்த பெண்களுக்கு அன்றுதான் நாமவிழா. நான் எழுந்தே நின்றுவிட்டேன். அதே மாதா, அதே ஆகஸ்ட் 5, எங்கள் தூத்துக்குடி! பனிமய மாதா கோயில் திருவிழா. கடலோரம், 1582இல் எழுந்த கோயில், நான் வளர்ந்த தெருவிலிருந்து மணிச்சத்தம் கேட்கும். ஆகஸ்டில் ரோமாபுரியில் பனி பெய்ததாகச் சொல்லும் பழைய கதையிலிருந்து வந்த பெயர்தான் இரண்டும்.

பரிமாறிய பெண் கேட்டார்: உங்கள் ஊரில் பனி பெய்யுமா?

பெய்யாது, ஒருபோதும் பெய்ததில்லை என்றேன். வெள்ளையாக ஏதாவது இருந்தால் அது உப்பளம். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன், வேப்பலோடைப் பக்கம் குவித்து வைத்த உப்புக் குன்றுகள். மேசை மேசையாகக் கைமாறிப் போனது. கடைசியில் செகடேரோக்காரரிடம் வந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபீனா, ஓ கோர்டா?" என்றார். பொடியுப்பா, கல்லுப்பா?

கல்லுப்புதான் என்றேன். கிலோ என்ன விலை என்று அடுத்த கேள்வி.